தூளில் தங்கிய சிரிப்பு

பொழிச்சலூரிலிருந்து பம்மலுக்கு நடந்தே போய்விடலாம். ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்பது கடைப் பலகையின் கடைசி வரியைப் படித்தால்தான் தெரியும். எங்கள் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது அகத்தீஸ்வரர் கோயில். சனிக்கிழமை வருகிற கூட்டம் இதை ‘வட திருநள்ளாறு’ என்றே சொல்லும். பம்மலுக்குப் பெயர் வாங்கித் தந்தது நாடகம். பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) பட்டணத்தில் பிறந்து பட்டணத்தில் வாழ்ந்தவர். ஆனாலும் குடும்பத்தின் ஊர்ப்பெயரை முன்னால் வைத்துக்கொண்டார். 2002 பொங்கலுக்கு ‘பம்மல் கே. சம்பந்தம்’ வந்தபோது திரையரங்கில் சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தலைப்பே ஒரு பழைய நாடகக்காரருக்குப் போட்ட கும்பிடு என்று தெரிந்திருக்கும்? இயக்கிய மௌலிக்கும் வசனம் எழுதிய கிரேசி மோகனுக்கும் நிச்சயம் தெரியும். இருவருமே சபா மேடையில் வளர்ந்தவர்கள்.

மேடைச் சிரிப்புக்கு ஆயுசு குறைவு. அழுகைக் காட்சியை அடுத்த தலைமுறைக்குக் கதையாகச் சொல்லிவிடலாம். நகைச்சுவைக் காட்சியைச் சொல்லிப் பாருங்கள்; ‘நேரில் பார்த்திருக்கணும்’ என்றுதான் முடியும். அந்த ‘நேரில்’ என்பதைக் காகிதத்தில் பிடித்துவைக்க முயன்றவர்கள் உலகத்திலேயே குறைவு. அதைச் செய்து காட்டிய ஒருவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அவர் டச்சுக்காரர். அவரைப் படிக்கப் படிக்கப் பம்மல்தான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

கொர்னேலிஸ் ட்ரோஸ்ட் 1696இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார்; 1750இல் அங்கேயே இறந்தார். ஆர்னல்ட் போனன் என்ற உருவப்பட ஓவியரிடம் தொழில் கற்றார். அதோடு நகரத்து நாடகசாலையில் நடிகராகவும் இருந்தார். 1720இல் மணந்துகொண்டதும் ஒரு நடிகையைத்தான். 1724இல் நகரத்து மருத்துவக் கழகத்தின் மேற்பார்வையாளர்களைக் குழுவாக வரைந்த பெரிய படம் பெயர் வாங்கித் தரவே, நடிப்பை விட்டுவிட்டுத் தூரிகையோடு நின்றார். ஆனால் நாடகசாலைப் பக்கம் போவதை நிறுத்தவில்லை. அதற்குச் சீன் படுதா எழுதிக்கொடுத்தார். பெரிய மனிதர்களின் உருவப்படங்கள் சோறு போட்டன. 1730களின் பிற்பகுதியில், நாற்பதைத் தாண்டிய வயதில், தான் ஒருகாலத்தில் நின்ற மேடையின் நகை நாடகங்களைப் பாஸ்டலில் வரையத் தொடங்கினார். இன்று உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது இவற்றுக்காகத்தான்.

அந்த நாடகசாலை 1638இல் கெய்சர்ஸ்கிராக்ட் கால்வாய்க் கரையில் திறந்தது. வொண்டல் எழுதிய ‘கெய்ஸ்பிரெக்ட் வான் ஆம்ஸ்டெல்’ என்ற சோக நாடகம்தான் திறப்பு விழா நாடகம். பிற்பாடு ஆண்டுப் பிறப்பையொட்டி அதை ஆடுவதும், அது முடிந்த கையோடு ‘குளோரிஸ், ரோஸ்யே கல்யாணம்’ என்ற சிறு நகை நாடகத்தை ஆடுவதும் வழக்கமாகி, 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. அழுதவர்களைச் சிரிக்கவைத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற கணக்கு. நம் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் முதலில் வந்து கூட்டத்தைக் கட்டிப்போடுவார். அங்கே கடைசியில் வந்தார். ராஜபார்ட் மட்டும் போதாது என்பது இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பாஸ்டல் என்றால் நம் பிள்ளைகள் அறிந்தது பள்ளிக்கூடத்துப் பட்டியலில் வருகிற ஆயில் பாஸ்டல். மெழுகும் எண்ணெயும் சேர்ந்தது, விரலில் பிசுபிசுக்கும். ட்ரோஸ்ட் கையாண்டது வேறு. நிறப்பொடியோடு சுண்ணத்தூளைக் கலந்து, கொஞ்சமே கொஞ்சம் பிசின் விட்டுப் பிசைந்து, குச்சியாக உருட்டிக் காயவைத்தது. பிசின் கூடினால் குச்சி கல்லாகித் தாளைக் கீறும். குறைந்தால் கையிலேயே உதிரும். ஓவியப் பொருள் விற்கிற கடையில் ‘சாஃப்ட் பாஸ்டல்’ என்று கேட்டால் கிடைக்கிறது. ஒரு செம்பழுப்புக் குச்சியை வாங்கிவந்து சொரசொரப்பான தாளில் இழுத்துப் பார்த்தேன். தாளின் மேடுகளில் மட்டும் தூள் நிற்கிறது. பள்ளங்கள் வெள்ளையாகவே இருக்கின்றன. விரல் நுனியால் லேசாகத் தேய்த்ததும் கோடு கோடாக இல்லை, கன்னமாகிவிட்டது. தாளை நிமிர்த்தி ஒரு தட்டுத் தட்டினேன். மேசை முழுக்கச் செம்பழுப்புத் தூசி. மார்கழி வாசலில் ரங்கோலி போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்: பிடிமானம் என்று ஒன்று கிடையாது, காற்று அடிக்காதவரை அது கோலம்.

அதனால்தான் இத்தகைய படங்களைக் கண்ணாடிக்குள் அடைத்து, மங்கிய வெளிச்சத்தில், அதிர்வு படாமல் வைக்கிறார்கள். நம் கடலோரத்து ஈரக்காற்றும் பாஸ்டலுக்கு எதிரி. பிசினில் பூசணம் பூத்துவிடும்.

அக்கால ஐரோப்பாவில் பாஸ்டல் சீமாட்டிகளின் சரக்கு. வெனிஸ் நகரத்து ரொசால்பா கரியேரா 1720இல் பாரிஸுக்குப் போய் ஓராண்டு தங்கி வரைந்தபின், பவுடர் பூசிய முகங்களைப் பவுடராலேயே வரைவது பெரிய இடத்து மோகமானது. முகத்தின் மென்மைக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் இல்லைதான். ட்ரோஸ்ட் அதே குச்சியை எடுத்துக் குடித்துச் சிவந்த மூக்கையும், வேலைக்காரி வேடம் போட்ட ஆணின் தாடையையும் வரைந்தார். பாஸ்டல் மட்டும் போதாத இடங்களில் நீர்கலந்த கோவாஷ் வண்ணத்தையும் சேர்த்துக்கொண்டார். சீமாட்டிக்கான சரக்கைக் கோமாளிக்குக் கொடுத்தது வெறும் குறும்பு என்று நான் நினைக்கவில்லை. மேடை நகைச்சுவை நடப்பது முகத்தில். முகத்துக்கென்றே பழகிய பொருள் அவர் கையில் இருந்தது.

தோமாஸ் அசெலைன் 1682இல் எழுதிய ‘யான் கிளாஸ் அல்லது பொய் வேலைக்காரி’ என்ற நகை நாடகம் ட்ரோஸ்ட்டுக்குப் பிடித்தமான ஒன்று. அதன் காட்சிகளைத் திரும்பத் திரும்ப வரைந்தார். சார்ட்யே என்ற பெண் மேல் யானுக்குக் காதல். அவள் வீட்டாரோ பக்தி மிகுந்த, கட்டுப்பாடான மனிதர்கள்; ஊர் சுற்றுகிற இந்தப் பிள்ளைக்குப் பெண் தர மாட்டோம் என்கிறார்கள். ரைனியர் என்று வேறொரு வரனும் வருகிறான். யான் புடவை கட்டாத குறையாகப் பெண் வேடம் போட்டு, வேலைக்காரியாக அந்த வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறான். குட்டு உடைகிறபோது மானம் காக்கக் கல்யாணத்தை விட்டால் வேறு வழியில்லை. இதைப் படித்ததும் ‘அடடே, அவ்வை சண்முகி’ என்று யாருக்கும் தோன்றும். 1996இல் வந்த அந்தப் படத்துக்கும் வசனம் கிரேசி மோகன். தலைப்பு, ஔவையாராக வேடமிட்டு அந்தப் பெயரையே பட்டமாகப் பெற்ற அவ்வை டி.கே. சண்முகத்தை நினைவுபடுத்துவது. ஆக நாடக மேடையின் இரண்டு பெரியவர்கள் பெயரில் இரண்டு நகைச்சுவைப் படங்கள் நம்மிடம் உண்டு.

ட்ரோஸ்ட் 1738இல் வரைந்த ரைனியர் பெண் கேட்கும் காட்சி இன்று தி ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹாய்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மேடையைத் தேடினால் கிடைக்காது. முன்திரை இல்லை, பலகைத் தளம் இல்லை, மெழுகுவத்தி வரிசை இல்லை, எதிரே உட்கார்ந்திருக்கிற கூட்டமும் இல்லை. யாரோ ஒரு குடும்பத்தின் உண்மையான இடத்தில் உண்மையாகவே இது நடந்தது போல வரைந்திருக்கிறார். ஆனால் நிற்கிற விதம், கையை வைத்துக்கொள்கிற விதம், உடம்பை மடக்குகிற அளவு எல்லாம் மேடையுடையது. நாடக ஓவியம் என்றால் நாடகசாலையை வரைவது என்று நினைத்த காலத்தில், மேடையை எடுத்து வெளியே வைத்துவிட்டு நடிப்பை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார் இந்த மாஜி நடிகர். அவருடைய கலையின் சூட்சுமம் என்று நான் கருதுவது இதைத்தான். படுதா எழுதியவருக்குப் படுதா அலுத்துப் போயிருக்கலாம் என்றும் வேடிக்கையாகத் தோன்றுகிறது.

பீட்டர் லாங்கன்டைக்கின் ‘கணித வல்லுநர்கள்’ நாடகத்திலிருந்தும் ஒரு காட்சியை 1741இல் எடுத்தார். விடுதி ஒன்றில் இரண்டு பண்டிதர்கள் பூமி சுற்றுகிறதா சூரியன் சுற்றுகிறதா என்று வாய்ச்சண்டை போடுகிறார்கள். கலிலியோ இறந்து நூறாண்டு ஆகப்போகிற நேரத்தில் இந்தச் சண்டை ஏற்கெனவே பழங்கஞ்சி. சிரிப்பு சூரியனைப் பற்றியதல்ல, படித்தவர்களின் குரலைப் பற்றியது. அந்தக் குரலை ஓவியத்தில் எப்படி வரைவது? வாயைத் திறந்து வரைந்தால் போதாது. கேட்டுக்கொண்டிருப்பவர் முகத்தில்தான் சத்தத்தை வரைய வேண்டும். மேடையில் நின்றவருக்கு இது தெரியும். வசனம் பேசுகிறவருக்குக் கைதட்டல் வாங்கித் தருவது பக்கத்தில் நிற்கிறவரின் விழிப்பு.

மௌரிட்ஸ்ஹாய்ஸில் உள்ள ஐந்து படத் தொகுப்பு (1739–1740) எந்த நாடகத்திலிருந்தும் எடுத்ததல்ல. ஆனாலும் ஐந்து அங்கமுள்ள நாடகம்தான். பிபேரியஸ் என்று நையாண்டிப் பெயர் வைத்த ஒருவர் வீட்டில் நண்பர்கள் கூடுகிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு லத்தீன் வாசகம். ஐந்தின் முதலெழுத்தையும் சேர்த்து இந்தத் தொகுப்பை ‘நெல்ரி’ என்கிறார்கள். முதலில் யாரும் பேசவில்லை. அடுத்ததில் சகோதரர்களுக்குள் பேச்சு. மூன்றாவதில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். நான்காவதில் வீடே அமளி. ஐந்தாவதில் நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள், முடியாதவர்கள் விழுந்தார்கள். அவ்வளவுதான் கதை. வில்லன் இல்லை, காதல் இல்லை, திருப்பம்கூட இல்லை. இருப்பது குடியும் நேரமும். முதல் படத்தின் மௌனத்தைப் பார்த்துவிட்டு நான்காவதுக்குத் தாவினால் சிரிப்பு வராது. வரிசையாகப் பார்க்க வேண்டும். விறைப்பாக உட்கார்ந்த அதே கனவான்களின் முதுகு ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. நம் கல்யாண வீட்டுச் சீட்டாட்டக் கச்சேரியை மாலை ஆறு மணியிலிருந்து விடியும்வரை பார்த்தவர்களுக்கு இந்தத் தளர்ச்சி பழக்கமானதுதான்.

ட்ரோஸ்ட்டை ‘டச்சு ஹோகார்த்’ என்று சொல்வதுண்டு. இருவரும் ஏறத்தாழ ஒரே வயது, இருவருக்கும் நாடகப் பித்து. ஆனால் ஒப்புமை அதோடு சரி. லண்டன்காரர் ஹோகார்த் 1735இல் வெளியிட்ட ‘ஊதாரியின் கதை’யில் அந்தப் பிள்ளையைப் பைத்தியக்கார மருத்துவமனை வரை கொண்டுபோய்த் தள்ளாமல் விடமாட்டார். அவருக்குத் தண்டனை வேண்டும். ட்ரோஸ்ட்டின் குடிகாரர்கள் விழுவார்கள், எழுவார்கள், வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் தலைவலி தவிர வேறு தண்டனை தென்படவில்லை. சக நடிகனுக்குச் சாபம் கொடுக்க நடிகனுக்கு மனம் வராது போலும்.

இந்தப் படங்களை அந்த ஊர்க்காரர்கள் வாங்கி மாட்டியதற்குக் காரணம், நாடகத்தை அவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். ‘யான் கிளாஸ்’ பல பத்தாண்டுகள் ஆடிய நாடகம். கதவருகே நிற்கிற வேலைக்காரி யாரென்று படத்தில் உள்ள தாய்க்குத் தெரியாது, பார்க்கிறவருக்குத் தெரியும். அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது. நாடகம் மறந்துபோன ஊரில் அதே படம் அழகான அறையில் நாலு பேர் நிற்கிற படம்.

ட்ரோஸ்ட் வரைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவர் நாட்டு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நம் கடற்கரையில் வியாபாரம் செய்துகொண்டிருந்தது. நாகப்பட்டினம் தலைமையிடம், பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் கோட்டைகள். சோழமண்டலக் கரையின் சாயமிட்ட சீட்டித் துணி ஆம்ஸ்டர்டாம் பெண்களின் உடம்பில் ஏறியது. துணி போனது, நாடகம் போகவில்லை. அவர்கள் நாடகமும் இங்கே வரவில்லை.

நம் பக்கத்தில் ஆட்டக்காரர்களை வரைந்த ஓவியங்கள் இல்லாமல் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து தஞ்சாவூரில் வெள்ளைக்கார வாடிக்கையாளருக்காகத் தொகுதி தொகுதியாக வரைந்தார்கள்: நெசவாளி, குயவர், தேவதாசி, மேளக்காரர், கழைக்கூத்தாடி. உடை, நகை, வாத்தியம் எல்லாம் நூல் பிசகாமல் இருக்கும். ஆனால் ஆட்டக்காரர் ஆடிக்கொண்டிருப்பதைவிட, ஆட்டக்காரர் என்று அடையாளம் காட்டி நிற்பதே அதிகம். வாங்குகிறவருக்கு வேண்டியது ‘இந்த ஊரில் இன்ன இன்ன சாதி, இன்ன இன்ன தொழில்’ என்ற பட்டியல். கதை அவருக்குத் தெரியாது; அதனால் கதையில் சிரிக்க அவருக்கு இடமும் இல்லை. ட்ரோஸ்ட் மேடையைத் தள்ளிவிட்டு நடிப்பை வைத்துக்கொண்டார். தஞ்சை ஓவியர் வேடத்தை வைத்துக்கொண்டு நடிப்பைத் தள்ளிவிட்டார். திறமைக் குறைவல்ல, காசு கொடுத்தவரின் கண் அப்படி.

பம்மலுக்குத் திரும்புவோம். சம்பந்த முதலியாருக்குத் தொடக்கத்தில் தமிழ் நாடகத்தின் மேல் மதிப்பே இல்லை. 1891இல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் குழு சென்னையில் ஆடிய தெலுங்கு நாடகங்களைப் பார்த்தபிறகுதான் மனம் மாறியது. அதே ஆண்டு சுகுண விலாச சபை பிறந்தது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் காசுக்காக அல்லாமல் ஆடிய சபை. விக்டோரியா பப்ளிக் ஹாலில் அரங்கேறினார்கள். விடிய விடிய ஆடுகிற வழக்கத்தை விட்டுச் சில மணி நேரத்தில் முடித்தார்கள். பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினார்கள். ரங்கவடிவேலு ஸ்திரீபார்ட் என்றால் சம்பந்த முதலியார் நாயகன். ஆம்ஸ்டர்டாம் மேடையில் 1655இலேயே பெண்கள் நடிக்க வந்துவிட்டார்கள். அதனால் யான் கிளாஸ் பாவாடை கட்டி வந்ததும் அது பளிச்சென்று கேலியானது. எல்லாப் பெண்களும் ஆண்களாக இருக்கிற மேடையில் அதே தந்திரம் எடுபட்டிருக்குமா? யார் நிஜ வேலைக்காரி, யார் பொய் என்று கேட்டால் சபையே திகைத்திருக்கும்.

சம்பந்த முதலியார் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். ‘மனோகரா’வைத்தான் ஊர் கொண்டாடியது. எனக்கு அவருடைய பிரகசனங்கள்தான் உசத்தி. ‘சந்திரஹரி’யில் அரிச்சந்திரனைத் தலைகீழாகக் கவிழ்த்தார்: உண்மையே பேசாத ராஜா. அரிச்சந்திரன் கதை தெரியாதவனுக்கு இதில் ஒன்றுமில்லை. தெரிந்தவனுக்குத் தலைப்பே சிரிப்பு. ‘சபாபதி’யில் பணக்கார வீட்டு மந்தபுத்திப் பிள்ளைக்கும் அவன் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். எஜமான் ஒன்றை நினைத்துச் சொல்வான். வேலைக்காரன் சொன்ன சொல்லை மட்டும் எழுத்துப் பிசகாமல் செய்து வைப்பான். யார் பெரிய முட்டாள் என்ற போட்டியில் கடைசிவரை வெற்றி தோல்வி தெரியாது.

1941 டிசம்பரில் ஏவி. மெய்யப்பன் இதைப் படமாக வெளியிட்டார். எஜமான் சபாபதி டி.ஆர். ராமச்சந்திரன், வேலைக்காரன் சபாபதி காளி என். ரத்தினம், தமிழ் வாத்தியாராகக் கே. சாரங்கபாணி. ராமச்சந்திரனின் உருண்டை விழிகளைக் கவனியுங்கள். வேலைக்காரன் ஏதோ சொல்லிவிட்டு நிற்கிறான். பதில் வருவதற்கு முன் அந்த விழிகள் ஒரு கணம் வெறுமையாக நிற்கின்றன. மூளைக்குள் சக்கரம் சுற்றாத சத்தம் கேட்கிறது. ட்ரோஸ்ட் தேடியது இப்படிப்பட்ட கணத்தைத்தான். நடுக்கூடம், நாற்காலி, மேசை என்று மேடையை எடுத்துவிட்டு வீட்டை வைத்ததிலும் சினிமா அவர் செய்ததையே செய்தது. இருநூறு ஆண்டு தாமதமாக, பாஸ்டலுக்குப் பதில் பிலிம்.

சரி, ஓவியர்கள்? நம் நகைச்சுவைக் கோடு பத்திரிகையில் வளர்ந்தது. 1930களில் ஆனந்த விகடனில் மாலி, கச்சேரி வித்வான்களை நாலு கோட்டில் பிடித்தார். தம்புராவின் சாய்வும் பாடகரின் வாய்க்கோணலும் அவர் பேனாவில் ஒன்றாகிவிடும். 1924இல் தஞ்சாவூரில் பிறந்த கோபுலு, கும்பகோணத்தில் ஓவியம் படித்து வந்து, கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு முகங்கள் கொடுத்தார். நாதஸ்வரக்காரர், நாட்டியக்காரி, சவடால் வைத்தி எல்லோரும் சினிமாவுக்குப் போவதற்கு முன்பே தமிழர் கண்ணுக்குத் தெரிந்தவர்களாக இருந்தது அவரால். மேடைக்காரர்களை மேடைக்கு வெளியே, ரயிலிலும் திண்ணையிலும், மேடையின் மிடுக்கு கலையாமல் வரைந்தவர். ட்ரோஸ்ட்டுக்கு நம் ஊர் உறவுக்காரர் யார் என்று கேட்டால் தயங்காமல் கோபுலுவைக் காட்டுவேன். வார்த்தையே இல்லாத அவருடைய சிரிப்புப் படங்கள் ‘நெல்ரி’க்குப் பக்கத்தில் கூசாமல் உட்காரும். வார இதழின் தாளுக்கும் அச்சுக்கட்டைக்கும் மென்மையான தூள் நிழல் ஒத்துவராது, கோடுதான் ஒத்துவரும். அவர்கள் கோட்டை எடுத்துக்கொண்டது அந்தக் கணக்கில்தான்.

குறை ஒன்று உண்டு. நம் ஓவியர்கள் வரைந்தது கதைகளை, கச்சேரிகளை, அரசியலை. சபா நகைச்சுவை நாடகம் தனக்கென்று ஒரு ஓவியரைப் பெறவில்லை. சோ, காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி. சேகர், கிரேசி மோகன் என்று நூற்றுக்கணக்கான தடவை மேடையேறிய நாடகங்கள். வசனம் கேசட்டில் இருக்கிறது, வரைந்த முகம் இல்லை. கார்ட்டூனிஸ்ட் கேசவும் கிரேசி மோகனும் நண்பர்களாக இருந்தார்கள். கேசவ் வரைந்த கிருஷ்ணருக்கு மோகன் வெண்பா எழுதினார். இருவரும் சேர்ந்து கிருஷ்ணருக்குச் செய்த சேவையில் பத்தில் ஒரு பங்கு மேடைக்குக் கிடைத்திருந்தால் என்று ஆசைப்படாமல் இருக்க முடியவில்லை. கிருஷ்ணர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ட்ரோஸ்ட்டின் படங்கள் இன்றும் சிரிக்கவைப்பதற்குப் பாஸ்டல் மட்டும் காரணமல்ல. எந்த நாடகம், எந்தக் காட்சி, யார் யார் என்பது படத்தோடு சேர்ந்தே வந்திருக்கிறது. அவை செப்புத்தகட்டில் அச்சானபோதும் நாடகத்தின் பெயர் கூடவே போனது. பம்மல், பொழிச்சலூர், பல்லாவரம், குரோம்பேட்டை வீடுகளில் அலுவலக மனமகிழ் மன்ற நாடகத்திலோ பேட்டை சபா நாடகத்திலோ வேடம் கட்டிய தாத்தாக்கள் நிறைய உண்டு. பரணில் ஒட்டு மீசையோடு ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படமோ, மடித்து மஞ்சளித்த நாடக நோட்டீஸோ இருந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போடாதீர்கள். படத்தின் பின்பக்கம் பென்சிலால் நாடகத்தின் பெயர், காட்சி, வேடம் கட்டியவர் பெயர், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். தாத்தா இருக்கிறபோதே கேட்டு எழுதுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள இடமில்லையென்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழந்தமிழ் அச்சுகளைச் சேர்த்துக் காப்பதே அதன் வேலை.